செங்கமலம் கைத்துப்பாக்கி எடுத்த கதை

பிள்ளைப்பாக்கம் செங்கமலத்துக்குத் துப்பாக்கி மேல் எந்த ஆசையும் இருந்ததில்லை. அவளுக்கு இருந்த ஆசையெல்லாம் ஒரு பஸ் மேல்தான். மண்ணூரில் அவள் வேலை பார்த்த டி.வி. கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு நீல பஸ் இருந்தது. தினமும் காலையில் பிள்ளைப்பாக்கம் வழியாகத்தான் போகும். பாதி சீட்டு காலியாகவே போகும். ஆனால் அதில் பர்மனென்ட் ஆட்கள்தான் ஏறலாம். செங்கமலம் டெம்பரரி. அவள் மெயின் ரோட்டுக்கு நடந்து போய் டவுன் பஸ் பிடிக்க வேண்டும். நீல பஸ் அவளைத் தாண்டிப் போகும். அது கிளப்பிய புழுதி மட்டும் அவளுக்காக நின்று நிதானமாக இறங்கும்.

டெம்பரரி என்றால் நேற்று வந்தவள் என்று நினைத்துவிட வேண்டாம். சில மாதத்துக்கு ஒரு தரம் 'பிரேக்' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மறுபடி புதிய ஆள் மாதிரி கூப்பிட்டுக்கொள்வார்கள். இப்படி எத்தனை தரம் அந்தக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தாள் என்பது அவளுக்கே மறந்து போயிருந்தது. புதிதாகச் சேர வந்த அவளே பழைய பர்மனென்ட்காரர்களுக்கு வேலை சொல்லிக் கொடுத்த கூத்தும் நடந்ததுண்டு.

அவள் வேலை டி.வி. பெட்டியின் பின்மூடிக்கு ஸ்க்ரூ போடுவது. காற்றழுத்தத்தில் ஓடும் ஸ்க்ரூ மெஷின் தலைக்கு மேலே ஸ்பிரிங்கில் தொங்கும். கைப்பிடியும் விசையும் துப்பாக்கிக்கு இருப்பது போலத்தான். பிடித்துக் கீழே இழுத்து, ஸ்க்ரூவை முடுக்கி, கையைத் திறந்துவிட்டால் மெஷின் தானே மேலே ஏறிப் போய்விடும். திறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தால் அடுத்த பெட்டி தாண்டிவிடும், பெட்டிகள் நகர்ந்து வரும் லைனே நிற்கும், சூப்பர்வைசர் கன்னியப்பன் வாயைத் திறப்பார். அவர் வாயை அடைக்க ஒரே வழி கையைத் திறப்பதுதான் என்று செங்கமலம் சீக்கிரமே தெரிந்துகொண்டாள்.

இந்த நிலையில்தான் ஜெனரல் மேனேஜர் வசந்தகுமார் வெளிநாடு போய் வந்தார். டி.வி. பற்றி அங்கே என்ன கற்றுக்கொண்டாரோ, ஒரு விளையாட்டைக் கற்றுக்கொண்டு வந்தார். கைத்துப்பாக்கியை வைத்துக்கொண்டு ஓட வேண்டும், நிற்க வேண்டும், சுட வேண்டும், மறுபடி ஓட வேண்டும். பக்கத்தில் ஒருவர் ஸ்டாப் வாட்ச் பிடித்துக்கொண்டிருப்பார். எல்லா இலக்கையும் சீக்கிரம் வீழ்த்துகிறவர் ஜெயித்தவர். பக்கத்து ஃபேன் கம்பெனி மேனேஜர் இவரோடு ஒரே காலேஜில் படித்தவர், அன்றிலிருந்தே ஆகாதவர். அவரைக் கூப்பிட்டுப் பந்தயம் போட்டாயிற்று. ஆளுக்கு ஒரு ஆட்டக்காரர், கம்பெனித் தொழிலாளியாக இருக்க வேண்டும்.

நிஜத் துப்பாக்கி என்ற பேச்சுக்கே இடமில்லை. தொண்ணூற்றொன்றாம் வருஷம் அது. மே மாதத்துக் குண்டுவெடிப்புக்கு அப்புறம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கல்யாணத்துக்கு வெடி போடவே ஜனங்கள் யோசித்தார்கள். ஈயக் குண்டு போடும் ஏர் பிஸ்டல் போதும் என்று முடிவானது. அதற்கே போலீஸில் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. ஏட்டு சுப்பராயன் கூட இருந்தால் நடத்தலாம் என்றார்கள். கூட இருக்கச் சொன்ன ஏட்டையே நடுவராக்கிவிட்டார் வசந்தகுமார்.

ஆட்டக்காரர் கிடைத்தது கம்பெனி ஆண்டு விழாவில். பலூன் சுடும் கடை போட்டிருந்தார்கள். மேசையோடு சங்கிலி போட்டுக் கட்டிய துப்பாக்கி. கம்பெனிக்குத் தண்ணீர் லாரி ஓட்டும் பலராமன், அதாவது செங்கமலத்தின் கணவன், மீசையை முறுக்கிக்கொண்டு சுட்டான். பலூன்கள் சௌக்கியமாக இருந்தன. மீதிக் குண்டை வீணாக்க மனசில்லாமல் செங்கமலம் வாங்கிச் சுட்டாள். ஒரு பலூன் பாக்கியில்லை. பின்னால் நின்று பார்த்த வசந்தகுமார் அங்கேயே சொல்லிவிட்டார்.

"ஃபேன் கம்பெனிக்காரனை ஜெயிச்சுக் குடு. உன்னைப் பர்மனென்ட் பண்றேன்."

அன்று இரவு செங்கமலம் கண்ணை மூடினால் நீல பஸ் அவளுக்காக நின்றது.

துப்பாக்கியைக் கம்பெனி வாங்கித் தரும், ஆனால் சுடுகிறவரே கடைக்குப் போய் எடுக்க வேண்டும் என்று வசந்தகுமார் சொல்லியிருந்தார். மௌண்ட் ரோடு கடைக்குப் போக அம்பாசடர் காரும் அனுப்பினார். கார் வந்து நின்றபோது அதில் முதலில் ஏறி உட்கார்ந்தவள் சரோஜா.

சரோஜா பலராமனின் அக்கா, குன்றத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் இல்லாமல் அந்த வீட்டில் ஒரு கரண்டிகூட வாங்கியதில்லை. செங்கமலத்தின் கூறைப்புடவை, மிக்ஸி, கட்டில், மூக்குத்தி எல்லாமே சரோஜா எடுத்ததுதான். சொல்லப்போனால் செங்கமலத்தையே சரோஜாதான் எடுத்தாள். பெண் பார்க்கப் போனபோது பலராமனுக்கு ஜுரம். இப்போது மடியில் புளிசாதத் தூக்கோடு, கல்யாண ஜவுளிக்குப் போகிற முகத்தோடு அவள் உட்கார்ந்திருந்தாள்.

கடைக்குள் நுழைந்ததும் கடிகாரத்தைப் பார்த்தாள். "ராகு காலம் தாண்டிடுச்சு. எடுத்துப் போடுங்க."

வெள்ளை மீசைக் கடைக்காரர் பலராமனைப் பார்த்து, "யாருக்கு சார்?" என்றார்.

"எங்க தம்பி பொண்டாட்டிக்கு," என்றாள் சரோஜா.

கடைக்காரர் செங்கமலத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு பலராமனைக் கொஞ்சம் அனுதாபத்தோடு பார்த்தார். விஷயத்தை விளக்கியதும் அவருக்கு மூச்சு வந்தது. கண்ணாடி மேசை மேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, பிஸ்டல்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"முதல் தடவை வாங்கறவங்க கண்ணுக்குப் பிடிச்சதை எடுத்துட்டுப் போயிடறாங்கம்மா. கைக்குப் பிடிச்சதைத்தான் எடுக்கணும். பிடி உள்ளங்கைய நெரப்பணும். விரலு சிரமப்படாம விசைக்குப் போவணும். கண்ணை மூடிக்கிட்டுத் தூக்கிப் பாருங்க. திறந்தா, முன்னால இருக்கிற முள்ளு குறிக்கு நேரா நிக்கணும். நிக்கலேன்னா அது உங்களுது இல்ல."

"கண்ண மூடிக்கினு எடுக்கறதுக்கா இம்மாந் தூரம் கார்ல வந்தோம்?" என்ற சரோஜா, நிக்கல் பூச்சுப் போட்டுப் பளபளவென்று இருந்த பெரிய பிஸ்டலை இழுத்துக்கொண்டாள். புடவையைப் புரட்டி உள்பக்கம் பார்ப்பது போல அதைப் புரட்டிப் பார்த்தாள். "இது சாயம் போவுமா?"

"எஃகும்மா. சாயமே கிடையாது."

"துரு புடிக்குமா, அத்த சொல்லு."

பிறகு எல்லோரும் கையில் பிடித்துப் பார்த்தார்கள். பலராமன் பிடித்துச் சுவரில் இருந்த மான் தலையைக் குறி பார்த்தான். கார் டிரைவர் பிடித்துப் பார்த்துவிட்டு வெயிட் பத்தவில்லை என்றார். சரோஜா இரண்டு கையாலும் பிடித்து, தனக்குக் கச்சிதமாக இருப்பதாகச் சொன்னாள். சுடப்போகிறவள் கையைத் தவிர மற்ற எல்லோர் கையும் பார்த்தாகிவிட்டது. அதுதான் அந்த வீட்டு வழக்கம்.

"சுடறவங்க சுட்டுப் பாருங்கம்மா," என்று கடைக்காரர்தான் அவளைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். நீளமான நடை, கடைசியில் ஒரு பலகை. பளபளப்புப் பிஸ்டலின் குழலை மடக்கி, ஒரு சின்ன ஈயக் குண்டை வைத்து, நிமிர்த்திக் கொடுத்தார். ஒவ்வொரு குண்டுக்கும் இப்படி மடக்கி நிமிர்த்த வேண்டும். செங்கமலம் இரண்டு கையாலும் அதைத் தூக்கிச் சுட்டாள். குண்டு பலகையின் கீழ் ஓரத்தில் பட்டது. உடனே அவள் கையைத் திறந்துவிட்டாள்.

பிஸ்டல் தரையில் ணங்கென்று விழுந்தது.

கடைக்காரர் பதறிப்போய்க் குனிந்து எடுத்தார். பரவாயில்லை, பழக்கமில்லை என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார். அடுத்து ஒரு கறுப்புப் பிஸ்டல், இன்னும் கனமானது. சுட்டாள், திறந்தாள். இந்தத் தரம் பலராமனின் கால் விரல் மேல் விழுந்தது. அவன் ஒற்றைக் காலில் நடை முழுக்கக் குதித்தான்.

"இன்னாமே, கையில ஓட்ட கீதா?"

"நான் கீழ போடலய்யா. அதுவே பூடும்னு வுட்டேன்."

"எங்க பூடும்?"

"மேல," என்றாள் செங்கமலம்.

எல்லோரும் மேலே பார்த்தார்கள். ஒரு ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாகப் போயிற்று. லைனில் தொங்கும் மெஷினைப் பற்றி அவள் சொல்லச் சொல்ல, கடைக்காரர் மீசைக்குள் சிரித்துக்கொண்டே, தான் உட்காரும் நாற்காலி மெத்தையை எடுத்து வந்து அவள் காலடியில் போட்டார்.

மூன்றாவதாக வந்தது ஷோகேஸ் மூலையில் கிடந்த சின்னப் பிஸ்டல். மரப்பிடி, கறுப்பு அங்கங்கே தேய்ந்து போயிருந்தது. செங்கமலம் கண்ணை மூடித் தூக்கினாள். பிடி உள்ளங்கையில் போய்ச் சும்மா உட்கார்ந்தது. கண்ணைத் திறந்தால் முள் பலகையின் நட்டநடுவே நின்றுகொண்டிருந்தது. சுட்டாள். நடுவிலேயே பட்டது. பிஸ்டல் மெத்தையில் மெத்தென்று விழுந்தது. தானே எடுத்துக் குழலை மடக்கிப் பார்த்தாள். ஸ்பிரிங் அவள் பலத்துக்கு மடங்கியது.

"இதான்," என்றாள்.

"ஐய, இது பழசாட்டம் கீது," என்றாள் சரோஜா. "நாலு பேரு பாக்கற எடத்துல இத்தயா எடுத்துக்கினு நிப்ப? அந்தப் பளபளப்புதான் நமக்கு. பேக் பண்ணுங்க."

கடைக்காரர் பளபளப்பை நோக்கிக் கை நீட்டினார். கல்யாணமான நாளிலிருந்து செங்கமலம் சொல்லாமல் வைத்திருந்தது அந்தத் துப்பாக்கிக் கடையில் வெளியே வந்தது.

"அண்ணி, நீங்க எடுத்துக் குடுத்த பொடவயத்தான் இன்னிய வரைக்கும் கட்டிக்கினு கீறேன். எதுனா சொன்னனா? மஞ்சக் கலர் எனக்கு ஆவாதுன்னு கூடச் சொன்னதில்ல. இத்த மட்டும் நானே எடுத்துக்கறேன்."

திரும்பி வரும்போது காரில் சரோஜா பூந்தமல்லி தாண்டும்வரை பேசவில்லை. தம்பிக்குத் தெரிந்து அவள் அவ்வளவு தூரம் பேசாமல் வந்தது அதுதான் முதல் தடவை. பூந்தமல்லி தாண்டியதும் புளிசாதத்தைத் திறந்து, "மஞ்சா ஆவாதுன்னா சொல்ல வேண்டியதுதானே," என்றாள்.

துப்பாக்கி எடுத்தாயிற்று, கையை என்ன செய்வது என்பதுதான் பாக்கி. ஏட்டு சுப்பராயன் விதிகளை முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தார். அவற்றில் ஒன்று, துப்பாக்கி கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தால் ஆட்டம் அவுட். வெளிநாட்டிலும் அப்படித்தான் என்று வசந்தகுமாரே பிடிவாதமாகச் சேர்க்கச் சொன்ன விதி அது. கயிறு போட்டு மணிக்கட்டில் கட்டிக்கொள்ளலாமா என்று பலராமன் போய்க் கேட்டான். இது என்ன கிடா வெட்டா என்று ஏட்டு திருப்பியனுப்பிவிட்டார்.

செங்கமலம் தினமும் ஷிப்டு முடிந்து வந்து, ஊர் ஏரிக்குள் தகர டப்பாக்களை அடுக்கிப் பழகினாள். ஆவணி மாதம், ஏரி பொட்டல் காடாகக் கிடந்தது. பிடித்துக்கொள், பிடித்துக்கொள் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே சுட்டாள். கொஞ்ச நாளில் கை பிடித்துக்கொள்ளக் கற்றுக்கொண்டது. சந்தோஷமாக வேலைக்குப் போனால், லைனிலும் அது பிடித்துக்கொண்டது. ஸ்க்ரூ மெஷினை விடாமல் அவள் நிற்க, பெட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று முட்டிக்கொண்டு நின்றன.

"இன்னாமே, அத்த வூட்டுக்குத் தூக்கினு போப் போறியா?" என்று கன்னியப்பன் கத்தினார். "அடுத்த பிரேக்குக்கு அப்புறம் உன்னக் கூப்புட மாட்டேன், பாத்துக்கோ!"

பர்மனென்ட் ஆகப் போய் டெம்பரரியும் போய்விடும் போலிருந்தது. பயந்துபோய் மறுபடி கையைத் திறக்கப் பழகினாள். லைன் ஓடியது, ஏரியில் பிஸ்டல் விழுந்தது. கடைசியில் பலராமன் ஒரு யோசனை செய்தான். அவளுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, விழும்போதெல்லாம் கீழே கையேந்திப் பிடித்துக் கொடுத்தான். சில நாள் இப்படிப் போயிற்று. ஒரு நாள் இவள் சுட்ட நேரத்தில் அவன் பீடி பற்றவைக்கத் திரும்பிவிட்டான். பிஸ்டல் விழப்போகிறது என்று தெரிந்து அவளுடைய இடது கையே அடியில் போய்ப் பிடித்துக்கொண்டது.

அப்படியே அசையாமல் நின்று அதைப் பார்த்தாள். பிஸ்டல் இடது கையில் இருக்கிறது. வலது கை காலியாக இருக்கிறது. காலியாக இருக்கிற வலது கையால் குண்டு எடுத்துப் போடுவது எவ்வளவு சுலபம்! மற்றவர்கள் வலது கையில் பிடியை விடாமல் வைத்துக்கொண்டு, பழகாத இடது விரல்களால் கடுகு போன்ற குண்டைத் தடவிக்கொண்டிருப்பார்கள். அன்றிலிருந்து சுட்டதும் வலது கை தாராளமாகத் திறந்தது, இடது கை ஏந்தியது, வலது கை மடக்கிக் குண்டு போட்டு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டது. இருட்டும்வரை நிறுத்தாமல் இப்படிச் சுடுவாள். ஒரு டப்பா விழுந்தால் அடுத்தது, அதற்கடுத்தது, லைனில் பெட்டி வருவது போலத்தான். பலராமன் வேலை போய்விட்டது. ஓரமாக உட்கார்ந்து நிம்மதியாகப் பீடி குடித்தான்.

பந்தயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அதே ஏரியில். ஷாமியானா, நாற்காலி, கலர் சோடா எல்லாம் வந்திருந்தன. ஃபேன் கம்பெனி சார்பில் ஒரு கபடி வீரன் வந்தான். கையில் அதே நிக்கல் பளபளப்பு.

"பாத்தியா, அவுங்க அத்தத்தான் எடுத்துக்கீறாங்க," என்று சரோஜா தம்பியின் விலாவில் இடித்தாள்.

கபடி வீரன் மான் போல ஓடினான். ஆனால் ஓடி நின்ற இடத்தில் அவன் குண்டு போட்டு முடிப்பதற்குள் பொறுமை போய், விசிலை ஊதி ஆட்டத்தை முடித்துவிடலாமா என்றிருந்தது ஏட்டுக்கு. இடது விரலிலிருந்து குண்டுகள் மண்ணில் உதிர்ந்தன. ஒரு வழியாக எல்லா டப்பாவையும் தள்ளி முடித்தபோது அவன் சட்டை நனைந்திருந்தது.

அடுத்து செங்கமலம். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். விசில் ஊதியதும் ஓடினாள், ஓட்டம் சுமார்தான். ஆனால் நின்ற இடத்தில் கை பறந்தது. திறந்தது, ஏந்தியது, போட்டது, சுட்டது. டப்பாக்கள் வரிசையாக மல்லாந்தன. வசந்தகுமார் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். சரோஜா தன்னை மறந்து, "அப்படிப் போடு செங்கமலம்!" என்று ஏரி முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினாள். கபடி வீரன் எடுத்துக்கொண்ட நேரத்தில் பாதிகூட ஆகவில்லை, கடைசி டப்பாவுக்கு வந்துவிட்டாள். குறி பார்த்தாள், சுட்டாள். டப்பா பறந்தது.

வலது கை திறந்தது.

இடது கை வரவில்லை. அதற்கு ஏன் வர வேண்டும்? இனிமேல் போட வேண்டிய குண்டு இல்லை, அடுத்த டப்பா இல்லை. அவள் பழகிய நாளெல்லாம் கடைசி டப்பா என்று ஒன்று இருந்ததேயில்லை. பிஸ்டல் நேராகப் போய் ஏரி மண்ணில் விழுந்தது.

ஏட்டு சுப்பராயன் ஸ்டாப் வாட்சைப் பார்த்தார், மண்ணில் கிடந்த பிஸ்டலைப் பார்த்தார், வசந்தகுமாரைப் பார்த்தார்.

"சொன்ன பேச்சு சொன்னதுதான் சார்," என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அவுட்டு."

"அவ எல்லாத்தையும் முடிச்சிட்டாளே!" என்று வசந்தகுமார் கத்தினார்.

"முடிஞ்சதுன்னு நான் விசில் ஊதல சார். விதி நீங்க குடுத்ததுதான்."

ஃபேன் கம்பெனி மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். வசந்தகுமார் செங்கமலத்தைத் திரும்பியும் பார்க்காமல் விறுவிறுவென்று காரை நோக்கி நடந்தார். ஏறுவதற்குக் கதவைத் திறந்தார்.

செங்கமலத்துக்கு அழுகை வந்தது. அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது. பிஸ்டலைக் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு ஓடிப்போய்க் காருக்கு முன்னால் நின்றாள். ஜெனரல் மேனேஜரிடம் அவள் அதுவரை 'சரிங்க சார்' தவிர வேறெதுவும் பேசியதில்லை.

"சார், நான் வேணும்னு வுடல. வேல முடிஞ்சா வுட்டுடணும்னு இந்தக் கைக்குச் சொல்லிக் குடுத்ததே உங்க லைன்தான். புடிச்சிக்கினு நின்னா திட்டு. வுட்டாத்தான் சோறு. இப்போ தூக்கத்துல கூட இது தானா வுடுது சார். என் வூட்டுக்காரு கைய புடிச்சாக்கூட வுட்டுடுது." மூச்சு வாங்கிக்கொண்டாள். "கை எப்பவோ பர்மனென்ட் ஆயிடுச்சு சார். நான்தான் இன்னும் ஆவல."

ஃபேன் கம்பெனிக்காரரின் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் மெல்ல நடந்து வந்து செங்கமலத்தின் கையைப் பார்த்தார்.

"நீ எடுக்கலேன்னா சொல்லிடு வசந்த். எங்க பஸ்ஸும் பிள்ளைப்பாக்கம் வழியாத்தான் போவுது."

வசந்தகுமாருக்கு முகம் சிவந்தது. அவருக்கு வந்தது இரக்கமா, வீம்பா என்று இன்று வரை அந்தப் பக்கத்தில் இரண்டு கட்சியாகப் பேசுகிறார்கள். கார் கதவை மறுபடி சாத்தினார். திறந்தபடியே இருந்த அவள் வலது கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு நம்ம பஸ்லயே வந்துடு," என்றார்.

செங்கமலம் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எந்த ஷிப்டு சார்?"